அடித்தளம் கற்ற பொறியாளர்

பழைய அணையொன்றைப் புதுப்பிக்க முனைவோர் முதலில் அறிய வேண்டுவது அதன் அடித்தளத்தையே. இவ்வுண்மையைக் கல்லணையிடமே கற்றவர் சர் ஆர்தர் காட்டன். 1803ஆம் ஆண்டு இங்கிலாந்தில் பிறந்த இவர், 1821இல் சென்னைக்கு வந்து பொறியாளராகப் பணியாற்றினார்.

திருவரங்கத்திற்கு மேற்கே முக்கொம்பில் காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரிகிறது. கொள்ளிடம் தாழ்வானது, ஆதலால் வெள்ளம் அதனையே நாடிப் பாய்ந்தது. காவிரியில் நீரோட்டம் தளர்ந்தது, மணல் மேடிட்டது, தஞ்சை வயல்களுக்கு நீர் குறைந்தது. 1829இல் காவிரிப் பாசனப் பொறுப்பு காட்டனிடம் வந்தது.

தேங்கிய மணலை வெளியேற்றக் கல்லணையில் மணற்போக்கிகள் அமைக்க வேண்டியிருந்தது. பல நூற்றாண்டுகள் நிலைத்த கட்டுமானத்தில் வழி திறப்பது எளிய செயலன்று. அடித்தளம் குலைந்தால் காவிரி நீர் கொள்ளிடத்தில் விழுந்து வீணாகும். சமவெளி முழுவதும் பாழாகும். எனவே காட்டன் அணையின் அமைப்பை நுணுகி ஆராய்ந்தார்.

ஆழம் காணவியலாத மணலின்மீது பழந்தமிழர் பெருங்கற்களை இட்டிருந்தனர். நீர் அடிமணலை அரிக்க அரிக்கக் கற்கள் அமிழ்ந்தன; அவற்றின்மேல் மேலும் கற்கள் அடுக்கப்பட்டன; இனி அமிழாது என்னும் நிலையில் அணை உறுதிபெற்றது. களிமண் கற்களைப் பிணைத்தது. பாறை கிடைக்காத ஆற்றிலும் அணை எழுப்பலாம் என்பதைக் காட்டன் உணர்ந்தார். அதன்பின் கல்லணையில் மணற்போக்கிகள் அமைந்தன.

1836இல் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணையும் கீழணையும் எழுந்தன. காவிரிக்கு நீர் பெருகியது. ஆயினும் புதிய ஓட்டத்தின் வேகத்தால் காவிரியின் படுகை அரிக்கப்பட்டது. ஆகவே மேலணையின் ஒரு பகுதியைத் தாழ்த்தவும், காவிரியின் தலைப்பில் நீரைக் கட்டுப்படுத்தவும் நேர்ந்தது. ஓரிடத்தில் இட்ட தடை ஆற்றின் பிறிதோரிடத்தை மாற்றும் என்பது இதனால் விளங்கியது.

கல்லணை கற்பித்த பாடம் கோதாவரியில் பயன்பட்டது. 1847இல் தொடங்கிய தௌலேசுவரம் அணைப்பணி 1852இல் நிறைவெய்தியது. வெள்ளமும் வறட்சியும் மாறிமாறி வாட்டிய அச்சமவெளி நெல்வளம் பெற்றது. 1861இல் சர் பட்டம் பெற்ற காட்டன், 1899இல் மறைந்தார். மணலில் அடித்தளமிடும் கலையைப் பெயரறியாத பழந்தமிழ்க் கட்டுநரிடமே கற்றதாக அவர் தயங்காது பதிவுசெய்தார். பழமையை இகழாது ஆராய்ந்து, அதன்மீது புதுமையை எழுப்பியதே அவர்தம் பெருமை.