சிதம்பரனார் ஈகமும் அதன் பயனும்

யான் எனது என்னும் முனைப்பு அடங்கினாலன்றி இறைபணி நிற்றல் கைகூடாது என்பது நம் சித்தாந்தத் துணிபு. அம்முனைப்பு அடங்குதற்குரிய இடம் திருக்கோயிலும் திருமடமுமே என்பாரும் உளர். உலகியலின் நடுவே நின்று, பொருளும் தொழிலும் உடல்நலமும் ஒருங்கிழந்தும் பணியின் வழுவாதார் வாழ்வும் அந்நெறிக்குச் சான்றாதல் கூடும். பொருநை பாயும் திருநெல்வேலிச் சீமையில் அங்ஙனம் வாழ்ந்தவர் வ. உ. சிதம்பரம் பிள்ளை அவர்கள்.

இப்பெரியார் 1872-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 5-ஆம் நாள், ஒட்டப்பிடாரத்தில் உலகநாத பிள்ளைக்கும் பரமாயி அம்மைக்கும் மகனாராகத் தோன்றினார். சைவ வேளாளர் குடியிற் பிறந்து, தந்தையாரைப் போலவே வழக்கறிஞராகி, ஏழைகட்காக வழக்காடுதலிற் பெயர் பெற்றார். 1900-ஆம் ஆண்டில் தூத்துக்குடிக்குக் குடிபெயர்ந்தார்.

அந்நாளில் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடைப்பட்ட கடல்வாணிகம் ஆங்கிலக் கப்பற் கம்பெனியார் கையிலிருந்தது. அதனை மீட்பான் எண்ணிச் சிதம்பரனார் 1906-இல் சுதேசிக் கப்பற் கம்பெனியை நிறுவினார். அதன் முதல் பத்து இலட்சம் ரூபாய். பங்கொன்றுக்கு 25 ரூபாயாக 40,000 பங்குகள் வகுக்கப்பட்டன. காலியா, லாவோ என்னும் இரு கப்பல்கள் வந்து சேர்ந்தன. எதிர்க்கம்பெனியார் கட்டணத்தைப் பெரிதுங் குறைத்தும் இவரைத் தளர்விக்க இயலாதாயினர்.

1908-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் இறுதியில், கோரல் ஆலைத் தொழிலாளர் கூலியுயர்வும் ஓய்வுநாளும் வேண்டி வேலைநிறுத்தஞ் செய்தபோது, சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவனாரும் அவர்கட்குத் துணைநின்றனர். சில நாட்களில் ஆலையார் இணங்கினர். மார்ச்சு 12-ஆம் நாள் இருவரும் சிறைப்படுத்தப்பட்டனர். மறுநாள் திருநெல்வேலி மக்கள் கொதித்தெழுந்தனர். துப்பாக்கிச் சூட்டில் நால்வர் உயிர்நீத்தனர். தூத்துக்குடியில் ஆலைத் தொழிலாளர் தமக்கெனக் கூலி வேண்டாது, தலைவர்பொருட்டே வேலையை விட்டனர்.

சூலை 7-ஆம் நாள் நீதிபதி பின்ஹே சிதம்பரனார்க்கு இரண்டு ஆயுள் தண்டனைகள் விதித்தார்; மேல்முறையீட்டில் அவை குறைந்தன. கோயமுத்தூர்ச் சிறையில் மாடு இழுத்தற்குரிய செக்கினைத் தம் தோளால் இழுத்தார். அங்கும், பின்னர்க் கண்ணனூர்ச் சிறையிலும், கற்றலையும் எழுதுதலையும் கைவிட்டாரல்லர்.

1912-ஆம் ஆண்டு டிசம்பரில் விடுதலையுற்ற போது கம்பெனி கலைந்திருந்தது. வழக்காடும் உரிமையும் பறிபோயிருந்தது. சென்னையிற் சிறுவாணிகம் புரிந்து வறுமையில் உழன்றார். வாலேஸ் என்னும் ஆங்கில நீதிபதி அவ்வுரிமையை மீட்டளிப்ப, அந்நன்றி மறவாது தம் மகனார்க்கு வாலேசுவரன் எனப் பெயரிட்டார். தொல்காப்பியத்து இளம்பூரணருரையைப் பதிப்பித்தார். 1935-இல் சிவஞான போதத்திற்கு உரை வெளியிட்டார். 1936-ஆம் ஆண்டு நவம்பர் 18-ஆம் நாள் தூத்துக்குடியில் இறைவனடி சேர்ந்தார்.

கப்பல் போயிற்று, பொருள் போயிற்று. ஆதலின் அவர் ஈகம் பயனின்றிக் கழிந்ததோ என ஐயுறுவார்க்குக் கூறுவது ஒன்றுண்டு. வினை தானே பயன் தாராது. கூட்டுவிப்பான் இறைவனே என்பது நம் கொள்கை. செய்தான் ஒருவனாக, அவன் முயற்சியால் ஊர் உயர்தலும் அவன் திருவுளமே. கூலிக்கஞ்சி வாய் திறவாதிருந்த ஆலைமக்கள், பிறர் துன்பங் கண்டு தம் உணவை இழக்கத் துணிந்தனரே, அதுவன்றோ மாற்றமாவது! கப்பலை விலைக்கு வாங்கலாம்; அத்துணிவை வாங்குதல் இயலாது. ஒருவர் தம்மை ஈந்து காட்டினாலன்றி அது பிறர் உள்ளத்தில் முளையாது.

எனினும் நாம் நாணுதற்குரியதும் இவ்வரலாற்றில் உண்டு. அவர் ஈகத்தாற் பயன் கொண்ட நாடு, அவர் வறுமையுற்ற நாளில் அவரைப் பெரிதும் மறந்தது. மறைந்தபின் சிலை நாட்டுதல் எளிது. அடியாரை உடலோடிருக்கும் போதே பேணுதலன்றோ நம் நெறி வகுத்த வழிபாடு? உயிரீந்த அந்நால்வர் குடிகளை அந்நாளிற் பேணினார் யாவர்? பிறர்பொருட்டுத் தம்மை இழந்து நிற்பார் இன்றும் நம் ஊர்களில் உளராயின், அவரைத் தேடித் தாங்குதலும், சிதம்பரனாரின் போதவுரையைக் கையிலெடுத்துப் பயிலுதலும் சைவ நன்மக்கட்கும் திருமடங்கட்கும் உரிய கடனாம்.