டேவிட் ஜேக்கப் ஆரோன் சவரிமுத்து

டேவிட் ஜேக்கப் ஆரோன் சவரிமுத்து (1864 - 1940) காசநோய் மருத்துவத்தில் சிறந்து விளங்கிய மருத்துவர் ஆவார். ஆங்கில ஆவணங்களில் இவர் பெயர் சௌரி முத்து எனக் காணப்படுகிறது. தாம்பரம் காசநோய் மருத்துவமனையை நிறுவியவர் இவரே.

பெயர்

இவரது முதல் மூன்று பெயர்களும் எபிரேய மூலம் கொண்டவை. தமிழ் விவிலியத்தில் இவை தாவீது, யாக்கோபு, ஆரோன் என வழங்குகின்றன. தாவீது என்பதற்கு அன்புக்குரியவர் என்று பொருள் கூறுவர். யாக்கோபு என்னும் பெயரைக் குதிகாலைப் பற்றியவர் என்று விவிலியக் கதை விளக்குகிறது. ஆரோன் என்பதன் பொருள் உறுதியாகத் தெரியவில்லை. இதே பெயர்கள் இசுலாமியரிடையே தாவூத், யாகூப், ஆரூன் என வழங்குகின்றன. இப்பெயர்கள் சமயங்களைக் கடந்து அறியப்பட்டவை. சவரி என்பது புனித சவேரியாரின் பெயர் தமிழில் பெற்ற வடிவம், முத்து தமிழ்ச்சொல். தமிழ்க் கிறித்தவர்கள் விவிலியப் பெயரோடு தமிழ்ப் பெயரையும் இணைத்துச் சூட்டும் வழக்கத்துக்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

இங்கிலாந்தில்

இங்கிலாந்தின் சாமர்செட் பகுதியில் மெண்டிப் குன்றுகளில் அமைந்த காசநோய் மருத்துவமனையை இவர் நடத்தினார். காசநோய்க்கு மருந்து இல்லாத காலம் அது. தூய காற்று, ஓய்வு, சத்துணவு ஆகியவையே சிகிச்சையாக இருந்தன. 1917இல் கணித மேதை சீனிவாச இராமானுசன் இங்கு சிறிது காலம் சிகிச்சை பெற்றார். இராமானுசனுக்கு இருந்தது காசநோய் அன்று, அமீபாவால் ஏற்பட்ட கல்லீரல் நோயாக இருக்கலாம் என்னும் கருத்து 1994இல் முன்வைக்கப்பட்டது.

திறந்தவெளிச் சிகிச்சையில் தாம் பெற்ற பட்டறிவைத் தொகுத்து 1922இல் நுரையீரல் காசநோய் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். இந்திய மருத்துவத்தின் தொன்மை குறித்தும் எழுதியுள்ளார்.

தாம்பரம் மருத்துவமனை

1928இல் சென்னைக்குத் தெற்கே தாம்பரத்தில், சுமார் 250 ஏக்கர் நிலத்தில், 12 படுக்கைகளுடன் மருத்துவமனையைத் தொடங்கினார். 1937இல் சென்னை மாகாண அரசு அதனை ஏற்றுக்கொண்டது. இவர் 1940இல் காலமானார். காசநோயைக் குணப்படுத்திய முதல் மருந்தான சிட்ரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்பட்டது 1943இல்தான்.

பிற்காலத்தில் இது அரசு நெஞ்சக நோய் மருத்துவமனையாக வளர்ந்தது. 1993 முதல் எய்ட்சு நோயாளிகளையும் ஏற்றுச் சிகிச்சை அளித்தது.

நினைவு

குரோம்பேட்டைக்கும் தாம்பரத்துக்கும் இடையே உள்ள தொடருந்து நிலையம் தாம்பரம் சானடோரியம் என்றே பெயர் பெற்றுள்ளது. சுற்றியுள்ள பகுதியும் சானடோரியம் என்றே அறியப்படுகிறது. ஊருக்குப் பெயர் தந்த மருத்துவமனையை நிறுவியவரின் பெயரைப் பலர் அறியார்.