துப்பறியும் கோவிந்தனைப் படைத்தவர்



ஒரு கேள்வியோட ஆரம்பிக்கிறேன். கதையில எத்தனையோ குற்றவாளிகளைக் கண்டுபிடிச்சுக் கூண்டில் நிறுத்துன ஒரு எழுத்தாளர், கடைசியில தானே கோர்ட்டில் குற்றவாளியாக நிற்க வேண்டி வந்தால் எப்படி இருக்கும்? இது கற்பனை இல்லை, நிஜமாக நடந்தது. அவர் பெயர் ஜே.ஆர். ரங்கராஜு.

பெயரைக் கேட்டதும் "நம்ம ராஜபாளையத்துக்காரரா?" என்று கேட்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். இல்லை, அவர் பாளையங்கோட்டையில் 1875ஆம் ஆண்டு பிறந்தவர். அப்படிப் பார்த்தாலும் தூரம் ஒன்றும் இல்லை. தேவதானத்தில் பஸ் ஏறி சங்கரன்கோவில் வழியா போனால் மத்தியானச் சாப்பாட்டுக்குள் போய்விடலாம்.

அவர் பிறந்து நான்கு வருடம் கழித்துத்தான், 1879இல், தமிழின் முதல் நாவலான பிரதாப முதலியார் சரித்திரமே வந்தது. துப்பறியும் கதை இன்னும் பிந்தி. நடேச சாஸ்திரி எழுதிய 'தானவன்' 1894இல் வந்தது. ஆக, ரங்கராஜு பேனா பிடித்தபோது இந்த வகைக் கதை தமிழுக்குப் புத்தம் புதுசு. எழுத்தை ஒவ்வொன்றாக ஈயத்தில் பொறுக்கி அடுக்கி அச்சடித்த காலம் அது. ஒரு புத்தகம் வெளியே வருவதற்குள் அச்சுக்கோப்பவருக்குக் கண் பூத்துப்போகும்.

1908 வாக்கில் 'ராஜாம்பாள்' வந்தது. காதலித்த பெண்ணைக் கொன்றதாக ஒரு இளைஞன் மேல் பழி விழுகிறது. எல்லாச் சாட்சியும் அவனுக்கு எதிர். அப்போது வருகிறார் துப்பறியும் கோவிந்தன். லண்டனுக்கு ஷெர்லாக் ஹோம்ஸ் என்றால் நமக்குக் கோவிந்தன். ஜனங்கள் புத்தகத்தைக் கீழே வைக்காமல் படித்தார்கள். பதிப்பு மேல் பதிப்பு போட வேண்டியதாயிற்று.

பிறகு சந்திரகாந்தா, மோகனசுந்தரம், ஆனந்தகிருஷ்ணன், ராஜேந்திரன் என்று வரிசையாக வந்தன. இதில் 'சந்திரகாந்தா'வைத் தனியாகச் சொல்ல வேண்டும். காவி கட்டிய மடாதிபதியின் மோசடிகளைத் தோலுரித்த கதை அது. அந்தக் காலத்தில் அப்படி எழுத எவ்வளவு நெஞ்சழுத்தம் வேண்டும், யோசித்துப் பாருங்க!

எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் இந்தக் கதைகள் போய்ச் சேர்ந்தன. எம். கந்தசாமி முதலியார் என்ற நாடக ஆசிரியர் இவற்றை நாடகமாக்கி, மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் போட்டார். எம்.ஜி.ஆர். சிறுவனாக நடித்த அதே கம்பெனிதான். அதுவரை மேடையில் பெரும்பாலும் ராஜாவும் சாமியும்தான். இப்போது கோட்டுப் போட்டவர்களும் போலீஸ்காரர்களும் வந்து நின்றார்கள். 1935இல் ராஜாம்பாளும் 1936இல் சந்திரகாந்தாவும் சினிமாவாயின. பி.யு. சின்னப்பா முதன்முதலில் திரையில் தோன்றியது அந்தச் சந்திரகாந்தாவில்தான்.

இவ்வளவு புகழோடு இருந்தவருக்கு வந்த வினைதான் 'வரதராஜன்' என்ற நாவல். அதில் வேறொருவர் எழுத்தை எடுத்துக்கொண்டார் என்று வழக்குப் போட்டார்கள். தீர்ப்பு அவருக்கு எதிராகப் போனது. கோவிந்தன் வந்து காப்பாற்ற இது கதை இல்லையே!

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்தக் காலத்துத் துப்பறியும் நாவல்களில் பாதிக்கு மேல் இங்கிலீஷ் கதைகளைத் தமிழாக்கிக் கொண்டவைதான் என்று சொல்லலாம். ஆரணி குப்புசாமி முதலியாரும் வடுவூர் துரைசாமி ஐயங்காரும் வெளிநாட்டுக் கதைகளைத் தழுவி எழுதியவர்கள். லண்டன் தெரு மதராஸ் தெருவாகும், எலிசபெத் எலிசாவோ ஏதோ ஒரு கமலமோ ஆவாள். அதை யாரும் பெரிய குற்றமாக நினைக்கவில்லை. ஆனால் 1914இலேயே நம் நாட்டில் பதிப்புரிமைச் சட்டம் வந்துவிட்டது. பழக்கம் ஒரு பக்கம், சட்டம் ஒரு பக்கம். இரண்டுக்கும் நடுவில் மாட்டியவர் ரங்கராஜு.

அவர் மேல் எனக்குப் பரிதாபமும் உண்டு, கோபமும் உண்டு. பேரும் புகழும் இருந்தவர், சொந்தமாக எழுதத் தெரிந்தவர், அவருக்கு ஏன் இந்த வேலை? அதே சமயம், கைடைப் பார்த்துக் கட்டுரை எழுதி மார்க் வாங்கிய எனக்கு அவரைத் திட்ட வாய் வரவில்லை. (தமிழ் ஐயா இதைப் படிக்க மாட்டார் என்று நம்புகிறேன்.)

வழக்குக்குப் பிறகு அவர் நாவல் எழுதுவதையே விட்டுவிட்டார். எழுதிப் பழகிய கை சும்மா இருப்பது எவ்வளவு பெரிய தண்டனை என்று எழுதுகிறவர்களைக் கேட்டால்தான் தெரியும்.

ஆனால் கதைகள் சும்மா இருக்கவில்லை. 1951ஆம் வருடம் ஒரே ஆண்டில் அவருடைய இரண்டு நாவல்கள் படமாக வந்தன. மோகனசுந்தரத்தில் டி.ஆர். மகாலிங்கம் நடித்தார். ராஜாம்பாளில் ஆர்.எஸ். மனோகர் அறிமுகமானார். கொட்டகையில் ஜனம் கைதட்டிக்கொண்டிருந்தபோது, கதையை எழுதியவருக்கு வயது 76.

1959இல் ரங்கராஜு காலமானார். எழுத்தாளர் இறந்து 60 ஆண்டு வரைதான் பதிப்புரிமை என்பது நம் நாட்டுச் சட்டம். அந்தக் கணக்குப்படி 2020 ஜனவரி முதல் ராஜாம்பாளையும் சந்திரகாந்தாவையும் யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். அனுமதி கேட்க வேண்டாம், வழக்கும் வராது.