புகைக்கரியில் எமனைக் கண்ட டாக்டர்

1756-ம் ஆண்டில் ஒரு நாள். லண்டனில் குதிரைமீது சென்ற ஒருவர் தவறி விழுந்தார். கால் எலும்பு முறிந்து, தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது.

ஓடி வந்தவர்கள் தூக்கப் போனார்கள். அவர் தொட விடவில்லை. பல்லக்குத் தூக்கிகளை வரவழைத்தார். அதுவரை தரையிலேயே கிடந்தார். ஒரு கதவை விலைக்கு வாங்கி, அதில் பல்லக்குக் கம்புகளை ஆணியடித்துப் பொருத்தச் செய்து, அதில் படுத்தபடியே வீடு போய்ச் சேர்ந்தார்.

அவர்தான் ரண சிகிச்சை நிபுணர் பெர்சிவல் பாட்.

காலை வெட்டிவிடுவது என்று டாக்டர்கள் முடிவு செய்தார்கள். கருவிகளும் தயார். கடைசி நேரத்தில் வந்த அவருடைய குரு எட்வர்டு நூர்ஸ், காப்பாற்றிப் பார்க்கலாம் என்றார். கால் பிழைத்தது. படுக்கையில் கிடந்த நாட்களில் பாட் வைத்திய நூல் எழுதத் தொடங்கினார்.

ஆஸ்பத்திரியே வாழ்க்கை

பாட் 1714-ம் ஆண்டில் லண்டனில் பிறந்தார். சிறு வயதிலேயே தந்தையை இழந்தார். செயின்ட் பார்த்தலோமியு ஆஸ்பத்திரியில் தொழில் கற்று, 1749 முதல் 1787 வரை அங்கேயே பெரிய டாக்டராக விளங்கினார்.

கரி படிந்த சிறுவர்கள்

அந்நாளில் லண்டன் வீடுகளில் நிலக்கரி எரிந்தது. புகைபோக்கிகளைச் சுத்தம் செய்ய ஏழைச் சிறுவர்களை உள்ளே ஏற்றினார்கள். குறுகிய துவாரத்தில் பலர் நிர்வாணமாகவே ஏறினார்கள். உடம்பெல்லாம் கரி.

அவர்கள் வளர்ந்து ஆளானதும் பலருக்கு விதைப்பையில் புண் வந்தது. மேக நோய் என்று பழி சுமத்திப் பாதரச மருந்து கொடுத்தார்கள். புண் ஆறவில்லை. உயிர்தான் போயிற்று.

இது மேக நோய் அல்ல, தோல் மடிப்பில் தங்கிய கரியால் வந்த புற்றுநோய் என்று பாட் 1775-ல் எழுதினார். ஆரம்பத்திலேயே அறுத்து எடுத்தால் பிழைக்கலாம் என்றும் கூறினார். செய்யும் தொழிலே புற்றுநோய் தரும் என்று உலகம் அறிந்தது அப்போதுதான்.

1788-ல், எட்டு வயதுக்குட்பட்ட சிறுவர்களை இத்தொழிலில் சேர்க்கக்கூடாது என்று சட்டம் வந்தது. அவ்வருடம் டிசம்பரில் பாட் காலமானார். சட்டத்தை யாரும் மதிக்கவில்லை. சிறுவர்கள் புகைபோக்கி ஏறுவது ஒழிய 1875-ம் ஆண்டுச் சட்டம் வரவேண்டியிருந்தது.

அதே விஷம்

1915-ல் ஜப்பானிய விஞ்ஞானிகள் முயல்களின் காதில் நிலக்கரித் தாரை விடாமல் தடவிப் புற்றுநோயை உண்டாக்கிக் காட்டினார்கள். பிறகு தாரிலிருந்து பென்சோபைரீன் என்ற விஷம் பிரித்தெடுக்கப்பட்டது. சிகரெட் புகையிலும், விறகடுப்புப் புகையிலும் அதே விஷம் இருக்கிறது.

அன்று அந்தச் சிறுவர்கள் வயிற்றுப் பிழைப்புக்காகப் புகைபோக்கிக்குள் ஏறினார்கள். இன்று சிகரெட் பிடிப்பவரோ, காசு கொடுத்து அந்தக் கரியை நெஞ்சுக்குள் ஏற்றிக்கொள்கிறார்!