அரசியலே தொழிலாக வாழ்ந்தவர்

அரசியலையே தொழிலாகக் கொண்டவர்களால்தான் மக்களாட்சி கெடுகிறது என்று படித்தவர்கள் பலர் பேசுகிறார்கள். பிற துறைகளில் வென்றவர்கள் சில ஆண்டுகள் பதவி வகித்துவிட்டுத் தத்தம் பணிக்குத் திரும்புவதே நல்லது என்பது அவர்கள் வாதம். இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குக் காமராஜர் நினைவுக்கு வருகிறார். இளமையில் மாமாவின் துணிக்கடையில் நின்றதைத் தவிர, அரசியலுக்கு வெளியே அவருக்கு வேறு தொழில் இருந்ததில்லை.

1903-இல் விருதுநகரில் பிறந்து, சிறுவயதிலேயே தந்தையை இழந்து, பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர். உப்புச் சத்தியாகிரகம் முதல் விடுதலை வரை ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் சிறையில் கழிந்தன. நிலமோ வழக்குரைஞர் வருமானமோ இல்லாத அவரைத் தாங்கியது கட்சிதான். பொருளியல் கற்பித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: அரசியலைப் பகுதிநேர வேலையாக்கினால், சொத்துள்ளவர்களுக்கே அது கட்டுப்படியாகும். பொப்பிலி ராஜா முதன்மை அமைச்சராக இருந்த மாகாணம் இது. அதே மாகாணத்தின் சட்டப்பேரவைக்கு 1937-இல் சாத்தூரிலிருந்து காமராஜர் செல்ல முடிந்ததற்கு முழுநேர அரசியலே வழிவகுத்தது.

1941-இல் சிறையில் இருந்தபோதே விருதுநகர் நகராட்சித் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். விடுதலையானதும் அப்பதவியிலிருந்து விலகினார். முழுமையாகக் கவனிக்க இயலாத பொறுப்பை அவர் வைத்துக்கொள்ள விரும்பவில்லை. 1954-இல் முதலமைச்சரானபோது, தலைமைக்குத் தம்மை எதிர்த்துப் போட்டியிட்ட சி. சுப்பிரமணியத்தை அமைச்சராக்கினார். மேலவை வழியாகப் பேரவைத் தேர்தலைத் தவிர்க்காமல், குடியாத்தம் இடைத்தேர்தலில் மக்களைச் சந்தித்தார். 1956-இல் பள்ளிகளில் மதிய உணவுத் திட்டம் தொடங்கியது. ஊர் ஊராக நடந்து, மக்களின் வறுமையை நேரில் அறிந்த தொண்டனின் அனுபவம் அதில் இருந்தது. கோப்புகளை மட்டும் படித்து அந்த அறிவைப் பெற்றிருக்க முடியுமா என்பது எனக்கு ஐயமே.

இந்தத் தொழிலின் மறுபக்கமும் அவரிடம் இருந்தது. 1963-இல் கட்சிப் பணிக்காக முதலமைச்சர் பதவியைத் துறந்தார். அவர் பெயரால் அமைந்த திட்டத்தின்படி ஆறு முதலமைச்சர்களும் ஆறு மத்திய அமைச்சர்களும் விலகினர். அது தியாகம்தான், போட்டியாளர்களைக் களத்திலிருந்து அகற்றிய கணக்கும் அதில் இருந்தது என்பது என் கருத்து. அடுத்த ஆண்டு காங்கிரஸ் தலைவரானார். 1966-இல் மொரார்ஜி தேசாயை விலக்கி இந்திரா காந்தியைப் பிரதமராக்குவதில் அவர் பங்கு பெரிது; வாக்குகள் 355-க்கு 169. நாட்டின் தலைமையை ஒரு சிலர் திரைமறைவில் பேசி முடிவுசெய்யும் பழக்கத்தை அந்தக் காலமே வலுப்படுத்தியது. இந்தக் குறையை அவரிடமிருந்து நான் பிரித்துப் பார்ப்பதில்லை.

1967-இல் சொந்த ஊரான விருதுநகரில் ஒரு மாணவர் தலைவரிடம் 1,285 வாக்குகளில் தோற்றார். தோல்விக்காக வாக்காளர்களைப் பழிக்கவில்லை. 1969-இல் நாகர்கோவில் இடைத்தேர்தலில் மீண்டும் மக்களிடம் சென்று வென்றார். அதே ஆண்டு காங்கிரஸ் பிளவுபட்டபோது, இந்திராவுக்கு எதிர் அணியில் இருந்தார்.

1975 ஜூனில் நெருக்கடிநிலை அறிவிக்கப்பட்டது. அதை அறிவிக்கச் செய்தவர், அவர் முன்னின்று பிரதமராக்கியவர். அக்டோபர் 2-ஆம் நாள், சென்னையில், தாம் குடியிருந்த வாடகை வீட்டில் காமராஜர் காலமானார்.