ருடால்ஃப் டீசல்

ருடால்ஃப் கிறிஸ்டியன் கார்ல் டீசல் (மார்ச் 18, 1858 – செப்டம்பர் 29, 1913) ஒரு ஜெர்மானிய இயந்திரவியல் பொறியாளர் ஆவார். தீப்பொறியின் உதவியின்றி, காற்றை அமுக்குவதால் உண்டாகும் வெப்பத்தைக் கொண்டே எரிபொருளை எரியச் செய்யும் டீசல் இயந்திரத்தைக் கண்டுபிடித்தவர் இவரே. தமிழ் உட்படப் பல மொழிகளில் இவருடைய பெயர் இயந்திரத்துக்கு மட்டுமன்றி, அதில் ஊற்றப்படும் எரிபொருளுக்கும் பெயராக வழங்குகிறது. உருளைக்குள் காற்றைக் கசியவிடாமல் அமுக்கி வைப்பதே இவ்வியந்திரத்தின் அடிப்படை. காகிதத்தில் எளிதாகத் தோன்றிய இதனை உலோகத்தில் செய்து காட்ட டீசலுக்கு ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் பிடித்தன.

இளமையும் கல்வியும்

டீசல் பிரான்சு நாட்டின் தலைநகரான பாரிஸில் பிறந்தார். தந்தை தியோடர் டீசல் ஆக்ஸ்பர்க் நகரிலிருந்து குடிபெயர்ந்த புத்தகம் கட்டுபவர். தாய் எலிஸ் ஸ்ட்ரோபல் நியூரம்பர்க் நகரைச் சேர்ந்தவர். 1870 இல் பிரான்சுக்கும் பிரசியாவுக்கும் போர் மூண்டபோது, பிரான்சில் வாழ்ந்த ஜெர்மானியர்கள் வெளியேற நேர்ந்தது. டீசல் குடும்பம் லண்டனில் தஞ்சம் புகுந்தது. அங்கிருந்து 12 வயதுச் சிறுவனான ருடால்ஃப், ஆக்ஸ்பர்க்கில் கணித ஆசிரியராக இருந்த உறவினர் கிறிஸ்டோஃப் பார்னிக்கலின் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்.

அந்நகரின் தொழிற்பள்ளியில் 1873 இல் முதல் மாணவராகத் தேறினார். 1875 இல் உதவித்தொகை பெற்று மியூனிக் பல்தொழில்நுட்பப் பள்ளியில் சேர்ந்தார். குளிர்பதனத் துறையின் முன்னோடியான கார்ல் வான் லிண்டே அங்கு இவருடைய பேராசிரியராக இருந்தார். 1879 இல் நச்சுக்காய்ச்சலால் தேர்வெழுத இயலாமற் போகவே, சிறிது காலம் சுவிட்சர்லாந்தின் விண்டர்தூர் நகரிலிருந்த சுல்சர் தொழிற்சாலையில் செய்முறைப் பயிற்சி பெற்றார். 1880 சனவரியில் மிகச் சிறந்த மதிப்பெண்களுடன் பட்டம் பெற்றார்.

பின்னர் பாரிஸில் லிண்டேயின் பனிக்கட்டித் தொழிற்சாலையை அமைப்பதில் ஈடுபட்டு, 1881 இல் அதன் மேலாளரானார். 1883 இல் மார்த்தா ஃபிளாஷே என்பவரை மணந்தார். இவர்களுக்கு மூன்று பிள்ளைகள். 1890 இல் குடும்பம் பெர்லினுக்கு இடம்பெயர்ந்தது.

கோட்பாடு

அக்கால நீராவி இயந்திரங்கள் எரிபொருளின் வெப்பத்தில் ஏறத்தாழ 10 விழுக்காட்டுக்கு மேல் வேலையாக மாற்றுவது அரிது. எஞ்சிய வெப்பம் முழுவதும் வீணானது. இதை லிண்டேயின் வகுப்புகளில் அறிந்த டீசல், பிரெஞ்சு அறிவியலாளர் சாடி கார்னோ விளக்கிய உயர்ந்தபட்சத் திறனை நெருங்கும் இயந்திரம் ஒன்றைத் தேடினார். முதலில் அம்மோனியா ஆவியால் இயங்கும் இயந்திரத்தில் சில ஆண்டுகள் உழைத்தார். அது பயன்தரவில்லை.

வாயுக்களை விரைவாக அமுக்கினால் அவை சூடேறும். சைக்கிளுக்குக் காற்றடிக்கும் பம்பின் அடிப்பகுதி சூடாவதற்கு இதுவும் ஒரு காரணமாகும். காற்றை 30 வளிமண்டல அளவுக்கு விரைவாக அமுக்கினால் அதன் வெப்பநிலை 500 பாகை செல்சியசைத் தாண்டும். அத்தகைய காற்றில் எரிபொருளைச் செலுத்தினால் அது தானே தீப்பற்றும். இக்கருத்தின் அடிப்படையில் டீசல் 1892 பெப்ரவரியில் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 67207 என்ற எண்ணுள்ள ஜெர்மானியக் காப்புரிமை 1893 இல் வழங்கப்பட்டது. அதே ஆண்டில் தம் கோட்பாட்டை விளக்கும் நூலையும் வெளியிட்டார்.

அந்நூலில் அவர் எண்ணியிருந்த அழுத்தம் 250 வளிமண்டலங்கள். எரியும்போது வெப்பநிலை உயராமல் இருக்கவேண்டும் என்பதும், உருளைக்குக் குளிர்ச்சி தேவையில்லை என்பதும் அவருடைய தொடக்கக் கருத்துகள். மூன்றையுமே அவர் பின்னர் கைவிட நேர்ந்தது.

ஆக்ஸ்பர்க் சோதனைகள்

ஆக்ஸ்பர்க் இயந்திரத் தொழிற்சாலையின் தலைவர் ஹைன்ரிக் வான் பூஸ் 1893 இல் டீசலுடன் ஒப்பந்தம் செய்துகொண்டார். எஃகு உற்பத்தியாளரான க்ருப் நிறுவனமும் செலவில் பங்கேற்றது. பின்னாளில் எம்.ஏ.என். என்று பெயர் பெற்ற நிறுவனம் இத்தொழிற்சாலையின் வழிவந்ததே.

முதற் சோதனை இயந்திரத்தின் உருளை 150 மில்லிமீட்டர் உள்விட்டம் கொண்டது. அதனுள் பிஸ்டன் 400 மில்லிமீட்டர் தூரம் நகர்ந்தது. இயந்திரம் தானே இயங்காததால், தொழிற்சாலையின் சுழல்தண்டிலிருந்து பட்டை மூலம் சுழற்றப்பட்டது. எரிபொருளைச் செலுத்துவதற்கு முன், வெறும் காற்றை அமுக்கி அழுத்தத்தை அளந்து பார்த்தனர். எதிர்பார்த்த அழுத்தம் கிட்டவில்லை. பிஸ்டனின் ஓரங்களிலும் வால்வுகளிலும் காற்று கசிந்தது. அவற்றைச் சீர்செய்து மீண்டும் மீண்டும் அளந்த பிறகே தீமூட்டும் சோதனைக்கு வந்தனர்.

1893 ஆகஸ்ட் 10 அன்று முதன்முறையாகப் பெட்ரோல் செலுத்தப்பட்டது. அமுக்கப்பட்ட காற்றில் அது உடனே தீப்பற்றியது. உயர்ந்த அழுத்தத்தைத் தாங்காமல் அளவுகருவி வெடித்துச் சிதறியது. அருகில் நின்ற டீசல் காயமின்றித் தப்பினார். அமுக்கத்தால் மட்டுமே எரியூட்ட முடியும் என்பது அன்று உறுதியானது. எனினும் அவ்வியந்திரம் ஒருபோதும் தன் ஆற்றலால் ஓடவில்லை.

மாற்றி அமைக்கப்பட்ட இயந்திரம் 1894 பெப்ரவரி 17 அன்று ஏறத்தாழ ஒரு நிமிடம், 88 சுற்றுகள், தானே ஓடியது. பட்டையின் இழுவை திசைமாறியதைக் கவனித்த தொழிலாளி லிண்டர், இயந்திரம் தானே ஓடுவதை உணர்ந்து, பேசாமல் தொப்பியைக் கழற்றி டீசலுக்கு மரியாதை செய்தார் என்று கூறப்படுகிறது.

1895 இல் உள்விட்டம் 220 மில்லிமீட்டராக்கப்பட்டு, உருளையைச் சுற்றி நீர்க்குளிர்ச்சியும் சேர்க்கப்பட்டது. சூன் மாதச் சோதனையில் திறன் 16.6 விழுக்காட்டை எட்டியது. இமானுவேல் லௌஸ்டர் வரைந்த மூன்றாம் இயந்திரம் 1896 அக்டோபரில் கட்டி முடிக்கப்பட்டது. 1897 பெப்ரவரி 17 அன்று மியூனிக் பேராசிரியர் மோரிட்ஸ் ஷ்ரோட்டர் அதை முறைப்படி சோதித்தார். விளக்கெரிக்கும் மண்ணெண்ணெயால் ஓடிய அது 13.1 கிலோவாட் ஆற்றலையும் 26.2 விழுக்காடு திறனையும் தந்தது. அக்காலத்தின் வேறெந்த வெப்ப இயந்திரமும் இத்திறனை எட்டியதில்லை.

அமுக்கச் சோதனை

டீசலின் பணியாளர்கள் 1893 இல் முதலில் செய்த அளவீடு, பிரித்துப் புதுப்பித்த வண்டி இயந்திரங்களில் இன்றும் செய்யப்படுகிறது. பெட்ரோல் இயந்திரத்தில் தீப்பொறிச் செருகியையும், டீசல் இயந்திரத்தில் சூடேற்றும் செருகியையோ எரிபொருள் தெளிப்பானையோ கழற்றி, அத்துளையில் அழுத்தமானி பொருத்தப்படுகிறது. எரிபொருளை நிறுத்திவிட்டுத் தொடக்க மோட்டாரால் இயந்திரம் சுழற்றப்படுகிறது. பெட்ரோல் இயந்திரங்களில் பொதுவாக 10 முதல் 14 பார் வரையிலும், டீசல் இயந்திரங்களில் 20 முதல் 35 பார் வரையிலும் அழுத்தம் காட்டும். சரியான அளவு ஒவ்வோர் இயந்திரத்துக்கும் அதன் கையேட்டில் தரப்பட்டிருக்கும். உருளைகளுக்கிடையே பெரிய வேறுபாடு இருத்தலும் கூடாது.

ஓர் உருளையில் அழுத்தம் குறைந்தால் அதனுள் மிகச் சிறிதளவு எண்ணெய் விட்டு மீண்டும் அளப்பர். அளவு உயர்ந்தால் கசிவு பிஸ்டன் வளையங்களில் உள்ளதெனக் கொள்ளலாம். உயராவிட்டால் வால்வுகளையோ உருளைத்தலையின் அடைப்புத் தகட்டையோ ஐயுறவேண்டும். எண்ணெய் மிகுந்தால் பிஸ்டன் முட்டி இயந்திரம் பழுதாகக்கூடும். எரியறை மிகச் சிறியதான டீசல் இயந்திரத்தில் இவ்விடர் அதிகம். புதிய வளையங்கள் உருளைச் சுவரோடு படிந்து பொருந்தும் வரை அளவு சற்றுக் குறைவாக இருப்பதும் உண்டு.

பெட்ரோல் இயந்திரத்தில் அமுக்கம் ஓரளவு குறைந்தாலும் தீப்பொறி எரியூட்டிவிடும்; ஆற்றல் மட்டுமே குறையும். டீசல் இயந்திரத்தில் அமுக்கமே தீக்குச்சி. அது போதிய அளவு இல்லையெனில் காற்று சூடேறாது, இயந்திரம் கிளம்பாது. குளிர்காலைகளில் இக்குறை முதலில் வெளிப்படும்.

வெற்றியும் சிக்கல்களும்

1897 சூனில் காஸல் நகரில் நடந்த பொறியாளர் கூட்டத்தில் டீசல் தம் இயந்திரத்தை அறிவித்தார். அமெரிக்க மதுவடிப்புத் தொழிலதிபர் அடோல்பஸ் புஷ் அமெரிக்காவுக்கான உரிமையை 10 இலட்சம் மார்க்குக்கு வாங்கினார். 1898 இல் டீசலின் உரிமைகளை ஏற்று நடத்த ஒரு பொது நிறுவனம் 35 இலட்சம் மார்க்குக்கு உருவானது. ரஷ்யாவில் இமானுவேல் நோபல் உரிமம் பெற்றார்.

ஆனால் சோதனைக்கூடத்தில் ஓடிய இயந்திரம் தொழிற்சாலைகளில் எளிதில் ஓடவில்லை. கெம்ப்டன் நகரத் தீப்பெட்டித் தொழிற்சாலைக்கு 1898 இல் விற்கப்பட்ட இயந்திரம் அடிக்கடி பழுதுபட்டது. ஆக்ஸ்பர்க்கில் டீசலின் ஆதரவுடன் தொடங்கப்பட்ட தனித் தொழிற்சாலையும் தோல்வியுற்றது. கட்டப்பட்ட இயந்திரம் காப்புரிமையில் கூறியபடி இயங்கவில்லை என்று சிலர் வாதிட்டனர். எமில் கேப்பிட்டைன் வழக்காடினார். இங்கிலாந்தின் ஹெர்பர்ட் அக்ராய்ட் ஸ்டூவர்ட் 1890 இலேயே காப்புரிமை பெற்றிருந்ததால் முதன்மை யாருக்கு என்ற விவாதமும் எழுந்தது. அக்ராய்டின் இயந்திரத்தில் அமுக்கம் குறைவு. வெளியிலிருந்து முன்கூட்டியே சூடாக்கப்பட்ட குமிழே எரியூட்ட உதவியது. இவ்வேறுபாட்டையே டீசலின் ஆதரவாளர்கள் சுட்டினர். இந்நெருக்கடிகளால் 1898 இல் டீசலின் உடல்நலம் குன்றி, மருத்துவ விடுதியில் தங்க நேர்ந்தது.

1900 பாரிஸ் கண்காட்சியில் அவருடைய இயந்திரம் பெரும்பரிசு பெற்றது. அங்கு ஒரு சிறிய டீசல் இயந்திரம் நிலக்கடலை எண்ணெயாலும் ஓட்டிக் காட்டப்பட்டது. 1912 இல் டென்மார்க்கின் செலாண்டியா கப்பல் டீசல் இயந்திரங்களுடன் கோபன்ஹேகனிலிருந்து பாங்காக் நோக்கிக் கடல்கடந்தது. ஆனால் வழக்குச் செலவுகளாலும் நிலம் வாங்கியதில் ஏற்பட்ட இழப்புகளாலும் டீசலின் செல்வம் கரைந்திருந்தது.

மறைவு

1913 செப்டம்பர் 29 மாலை, இங்கிலாந்தில் ஒரு புதிய டீசல் தொழிற்சாலை தொடர்பான நிகழ்வுக்காக ஆண்ட்வெர்ப் துறைமுகத்தில் டிரெஸ்டன் என்ற நீராவிக் கப்பலில் ஏறினார். இரவு உணவுக்குப்பின் ஏறத்தாழ 10 மணிக்குத் தம் அறைக்குச் சென்றார். காலையில் அறை வெறுமையாக இருந்தது, படுக்கை பயன்படுத்தப்படவில்லை. தொப்பியும் மேலங்கியும் கப்பல் தளத்தில் கிடந்தன. சில நாட்களின் பின் ஒரு டச்சுப் படகினர் கடலில் ஓர் உடலைக் கண்டனர். அதிலிருந்த பொருட்களை மட்டும் எடுத்துக்கொண்டு உடலைக் கடலிலேயே விட்டனர். அக்டோபரில் மகன் ஆய்கன் அப்பொருட்களைத் தந்தையுடையவை என அடையாளம் காட்டினார்.

கடன்சுமையால் உயிரை மாய்த்துக்கொண்டார் என்பது பெரும்பாலோர் கருத்து. விபத்து என்றும் கொலை என்றும் கூறுவோரும் உளர். எதுவும் மெய்ப்பிக்கப்படவில்லை.

தாக்கம்

டீசல் காலத்து இயந்திரங்களில் அழுத்திய காற்றைக் கொண்டு எரிபொருளைச் செலுத்தினர். இதற்கெனத் தனி அமுக்கி தேவைப்பட்டதால் அவை பெரிதாக இருந்தன. 1920களில் சுமையுந்துகளில் டீசல் இயந்திரம் இடம்பெற்றது. 1927 இல் ராபர்ட் பாஷ் நிறுவனத்தின் தெளிப்பு பம்புகள் பேரளவில் உற்பத்தியாகத் தொடங்கின. 1936 இல் மெர்சிடிஸ் பென்ஸ் 260 டி மகிழுந்து வெளிவந்தது. கப்பல், தொடர்வண்டி, உழவு இயந்திரம், மின்னாக்கி எனப் பல துறைகளில் இவ்வியந்திரம் நீராவியின் இடத்தைப் பிடித்தது. ஒரு மகிழுந்துக்குள் தம் இயந்திரம் ஓடுவதைக் காண டீசல் உயிருடன் இருக்கவில்லை.