கால்டுவெல் ஐயரும் பெயரெச்சமும்

தென்னாட்டு மொழிகள் ஓரினத்தன என்னும் உண்மையை 1816-இல் சென்னையில் எல்லிஸ் துரை முதற்கண் எடுத்துரைத்தார். அதனை இலக்கண வாயிலாக விரித்து நிலைநாட்டிய பெரியார் கால்டுவெல் ஐயர் ஆவர்.

அவர் 1814-இல் அயர்லாந்தில் பிறந்து, கிளாஸ்கோ சர்வகலாசாலையிற் பயின்று, 1838-இல் சென்னை வந்திறங்கினார். 1841-இல் தெற்கே போந்து, திருநெல்வேலிச் சீமையின் தேரிக்காட்டிலுள்ள இடையன்குடியைத் தம் ஊராக்கிக்கொண்டார். 1844-இல், தக்கலைக்கு அணித்தான நாகர்கோவிலில் ஊழியம் புரிந்த மால்ட் ஐயரின் மகளார் எலைசா அம்மையாரை மணந்தார். ஆதலின், நாஞ்சில் நாட்டார்க்கு அவர் மருகர் முறையினர்.

ஆங்கிலத்தில் ஒரு பெயரைச் சார்பு வாக்கியத்தால் விளக்க வேண்டின், பெயரை முன்னிறுத்தி, ஹூ, விச் முதலிய இணைப்புச் சொற்களைத் தந்து, வாக்கியத்தைப் பின்னே தொடுப்பர். தமிழிலோ, தக்கலையிலிருந்து வந்த மாணவன் என்புழி, வந்த என்னும் பெயரெச்சமே வாக்கியத்தை முடித்துப் பெயரோடு பிணிக்கின்றது; இணைப்புச் சொல் வேண்டுவதில்லை. இதனைத் தமிழின் குறைபாடென்று ஐயர் கொண்டாரல்லர். 1856-இல் வெளியிட்டு 1875-இல் திருத்திய தம் ஒப்பிலக்கணத்தில், திராவிட மொழிகளை வடமொழியினின்றும் பிரித்துக் காட்டும் அடையாளங்களுள் ஒன்றாக இதனை வைத்தார். இம்மொழிகளைச் சித்திய இனத்தோடு உறவுபடுத்திய அவரது கருத்தை இக்கால அறிஞர் ஏற்பதில்லை. எனினும் அவர் காட்டிய இவ்வேறுபாடு நிலைபெற்றுள்ளது.

நம் மாணவர் ஆங்கிலத்தில் இடறும் இடமும் இதுவே. படித்த மாணவன், படித்த நூல், படித்த பள்ளி என மூவிடத்தும் பெயரெச்சம் ஒன்றே. செய்பவன், கருவி, நிலம், செயல், காலம், செயப்படுபொருள் என்னும் அறுவகைப் பெயரையும் அது கொள்ளுமென்பது தொல்காப்பியர் முதலாயினார் துணிபு. ஆங்கிலமோ மாணவனுக்கு ஹூ என்றும், நூலுக்கு விச் என்றும், பள்ளிக்கு வேர் என்றும் வேறுபடுத்துகின்றது. ஆகவே, மொழிபெயர்க்கப் புகுவோன், பெயர் அவ்வாறனுள் எதுவென முதலில் உசாவுக. இணைப்புச் சொல் தானே விளங்கும்.

1877-இல் அத்தியட்சராக உயர்ந்த ஐயர், 1891 ஆகஸ்டு 28-ஆம் நாள் கொடைக்கானலில் உயிர் நீத்து, தாம் எழுப்பிய இடையன்குடிக் கோயிலில் அடக்கம் பெற்றார். அயலாராய் வந்த அவர் நம் மொழியை அதன் வழியிலேயே நின்று கற்றார். அயல்மொழி பயிலும் நாமும் அங்ஙனமே பயிலுதல் அவர்க்குச் செய்யும் நன்றியாகும்.